குறிப்பும் கூற்றும்

பாஞ்சாலங்குறிச்சிப் படிப்பகத்தில் ஞாயிறு மாலைதோறும் திருக்குறள் படிக்கிறோம். இளைஞர் பத்துப் பன்னிருவர் கூடுவர். தமிழாசிரியை என்ற முறையில் உரை கூறும் பொறுப்பு என்னுடையது. அண்மையில் ஒரு நாள், பொருட்பாலில் நட்பு பற்றிய அதிகாரங்கள் முடிந்த நேரம், பின்வரிசையிலிருந்த கல்லூரி மாணவர் ஒருவர் எழுந்தார். “நெருங்கிப் பழகும் தோழியின் மனத்தில் இருப்பது நட்பு மட்டுந்தானா, அதற்கு மேலும் ஏதேனும் உண்டா என்று ஐயம் வந்தால் எப்படித் தெரிந்துகொள்வது? வள்ளுவர் இதற்கு வழி சொல்லியிருக்கிறாரா, டீச்சர்?” என்று கேட்டார்.

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, பெருமிதங்கொண்டேன். குறளில் இல்லாத பொருள் இல்லை என்று மேடைதோறும் முழங்குவோரில் நானும் ஒருத்தி அன்றோ? உடனே காமத்துப்பாலைப் புரட்டினேன். நூற்றுப் பத்தாம் அதிகாரம், குறிப்பறிதல். பத்துக் குறளுக்கும் பொருள் கூறினேன். அவள் கண்ணில் நோயும் உண்டு, மருந்தும் உண்டு. அவன் நோக்கும்போது நிலம் நோக்குகிறாள், நோக்காதபோது தான் நோக்கி மெல்ல நகுகிறாள். வாய்ச்சொல் கடுமையாக இருக்கும், உள்ளத்தில் பகை இராது. கண்ணோடு கண் ஒத்துவிட்டால் வாய்ச்சொல்லுக்கு வேலையே இல்லை. இப்படி வரிசையாகச் சொல்லி முடித்தேன். மாணவர் தலையசைத்தார். ஆனால் அவர் முகம் தெளிந்ததாகத் தெரியவில்லை.

கட்டபொம்மன் நினைவுக் கோட்டையைக் கடந்து வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த முகம் என்னைத் தொடர்ந்தது. உண்மையை ஒளிப்பானேன்? அதே கேள்வி என்னிடமும் இருந்தது. என்னோடு பணிபுரியும் தோழர் ஒருவர் உண்டு. மூன்றாண்டுப் பழக்கம். ஒரே பேருந்தில் செல்கிறோம். நூல்களை இரவல் மாற்றிக்கொள்கிறோம். விடைத்தாள்களைச் சேர்ந்து திருத்துகிறோம். எனக்குக் காய்ச்சல் கண்ட மூன்று நாளும் என் வகுப்புகளையும் அவரே எடுத்தார். இது நட்பா, நட்பைக் கடந்ததா? என் உள்ளத்தில் இருப்பது எதுவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் உள்ளத்தில் இருப்பது தெரியவில்லை.

அன்றிரவு குறளை மீண்டும் எடுத்தேன். இம்முறை ஆசிரியையாக அல்ல. விடை தேடும் ஒருத்தியாக. ஒவ்வொரு குறளையும் எங்கள் பழக்கத்தோடு பொருத்திப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. ஏன் பொருந்தவில்லை என்று ஆராய்ந்ததன் விளைவே இக்கட்டுரை.

அயலார்க்கு எழுதிய இலக்கணம்

குறிப்பறிதல் அதிகாரத்தின் தலைவனும் தலைவியும் நண்பர்கள் அல்லர். முதன்முறை எதிர்ப்பட்டவர்கள். முன் அறியாத பெண் ஒருத்தி ஓரக்கண்ணால் நோக்கினால் அது செய்தி. மெல்ல நகைத்தால் அது பெருஞ்செய்தி. அயலார் நடக்கும் முறையிலிருந்து ஒரு நூலிழை விலகினாலும் அது குறிப்பாகிவிடுகிறது. ஆனால் நாளும் பொழுதும் முகம் பார்த்துப் பேசுவோர்க்கு நோக்குவதும் நகுவதும் எப்படிக் குறிப்பாகும்? அயலார் போலப் பொதுநோக்காக நோக்கிக்கொள்வது காதலரிடமே உண்டு என்கிறார் வள்ளுவர். நாங்கள் இருவரும் ஒரு நாள் அயலார் போல நோக்கிக்கொண்டால், என்ன சண்டை என்று உடன் பணிபுரிவோர் சமாதானம் பேச வந்துவிடுவர்!

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் புரட்டினால் அங்கே இன்னும் நீண்ட பட்டியல். நெற்றி வியர்த்தல், நகையை மறைத்தல், உள்ளச் சிதைவு பிறர்க்குப் புலப்படாமல் காத்தல், கூந்தலை விரித்தல், காதணி ஒன்று நழுவி வீழ்தல், அணிந்த வளையலைத் தடவுதல், உடுத்த உடையைக் குலைத்து மீண்டும் உடுத்தல். நுட்பமான நோக்கு, ஐயமில்லை. மனித உடலின் மொழியை இவ்வளவு கூர்ந்து கண்ட பழைய நூல்கள் மிகச் சிலவே. ஆயினும் சித்திரை மாதத்துக் கரிசல் வெயிலில் நெற்றி வியர்க்காதவர் யார்? பேருந்து நெரிசலில் உடையைச் சரி செய்யாத பெண் யார்? இப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு புறப்பட்டால் ஊரில் பாதிப் பேர் காதலராகத் தோன்றுவர்.

இன்றைய இளைஞர் புதிய மெய்ப்பாட்டியல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கின்றனர். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்த செய்தி. செய்தியின் முடிவில் ஓர் இதயப் படம். படித்ததற்கு அடையாளமாக நீலமாக மாறிய இரு கோடுகள். படித்த பின்னும் விடை வராத அரைமணி நேரம். ஏடு மாறிற்று, எழுத்தாணி மாறிற்று; படிக்கும் முறை மட்டும் மாறவில்லை. ஒருவர் சொல்லாததை மற்றவர் ஊகித்து, ஊகித்ததையே உண்மையென நம்பி உறக்கம் தொலைக்கும் பழைய முறைதான்.

இரண்டு குறிப்பறிதல்

இங்கே நம் உரையாசிரியர்கள் விரைந்து கடந்துசெல்லும் ஒன்றை நின்று நோக்க வேண்டும். திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பு ஒருமுறையன்று, இருமுறை வருகிறது. காமத்துப்பாலில் நூற்றுப் பத்தாம் அதிகாரம் ஒன்று. பொருட்பாலில் எழுபத்தோராம் அதிகாரம் மற்றொன்று. அங்கே அமைச்சன் அரசனின் முகத்தைப் படிக்கிறான். இங்கே தலைவன் தலைவியின் கண்ணைப் படிக்கிறான். அங்கும் கண்ணே அளவுகோல். இங்கும் கண்ணே அளவுகோல்.

அரசனும் தலைவியும் எங்ஙனம் ஒரே தலைப்பின்கீழ் வந்தனர்? இருவரும் வாய் திறந்து சொல்லாதவர்கள் என்பதே அவர்களுக்குள் உள்ள ஒற்றுமை. அரசன் சொல்லாதது ஏன்? சொல்ல வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை. அதிகாரம் அவனிடம் இருக்கிறது. படித்துக்கொள்ள வேண்டியது மற்றவன் கடமை. தலைவி சொல்லாதது ஏன்? சொல்லும் உரிமை அவளுக்கு இல்லை. ஒருவன் மேலே இருப்பதால் வாய் திறக்கவில்லை. ஒருத்தி கீழே வைக்கப்பட்டதால் வாய் திறக்கவில்லை. குறிப்பு என்னும் கலை ஏற்றத்தாழ்வு உள்ள இடத்திலே பிறந்த கலை.

நான் கற்பனையாகக் கூறவில்லை. தொல்காப்பியக் களவியல் வெளிப்படையாகவே விதிக்கிறது. தன் வேட்கையைத் தலைவன் முன்னே தானே எடுத்துச் சொல்லுதல் தலைவிக்கு இல்லை. புதுப்பானையில் ஊற்றிய நீர் புறத்தே கசிவது போல அவள் உணர்வு தானாகப் புலப்படட்டும் என்பது அவ்விதிக்கு உரையாசிரியர் தரும் விளக்கம். உவமை அழகியதுதான். எங்கள் ஊர்ப் பெண்கள் கோடைக்குப் புதுப்பானை வாங்கி நீர் ஊற்றி வைப்பதை ஆண்டுதோறும் காண்கிறேன். பானையின் மேல் முத்து முத்தாக நீர் துளிர்க்கும். ஆனால் பானைக்கு வாய் இருக்கிறதே! வாயை மூடிவிட்டு, சுவரில் கசிவதைக் கண்டு வியப்பதுதான் நம் அகத்திணை மரபு.

ஆடவனுக்கு நிலை வேறு. அவன் நேரே சென்று கேட்கலாம், தோழியிடம் குறையிரக்கலாம், எதுவும் பலிக்காவிடில் பனை மடலால் குதிரை செய்து ஊர் நடுவே ஏறி வந்து தன் காதலைப் பறைசாற்றலாம். மடல் ஏறும் உரிமை மகளிர்க்கு இல்லை என்பதும் அதே தொல்காப்பியத்தின் விதி. கடல்போன்ற காமநோயுற்றும் மடல் ஏறாத பெண்ணைப் போலப் பெருந்தக்கது வேறில்லை என்று குறளும் போற்றுகிறது. போற்றுதல் எவ்வளவு நயமான பூட்டு! ‘பேசாதே’ என்று அதட்டினால் எதிர்த்துக் கேட்பாள். ‘பேசாதிருப்பதே உன் பெருமை’ என்றால் தானே வாயைப் பூட்டிச் சாவியையும் கையில் கொடுத்துவிடுவாள்.

எங்கள் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். 1959-இல் பந்துலு இயக்கத்தில் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தைப் பார்க்காத வீடு இப்பகுதியில் இராது. அதில் வெள்ளையத்தேவன் வெள்ளையம்மாளின் காளையை அடக்கி அவள் கைப்பற்றுகிறான். காளையின் கொம்பில் கட்டியிருந்தது அவள் உள்ளமா? அடக்கியவன் மேல் அன்பு உண்டா என்று யாரேனும் அவளைக் கேட்டார்களா? கொட்டகையில் கைதட்டியவர் எவருக்கும் அந்த ஐயம் தோன்றவில்லை. அவளை நான் குறைத்துப் பேசவில்லை. கணவன் களத்தில் வீழ்ந்தபின் பகைவனைப் பழிவாங்கும் வீரம் அவளுக்குத் தரப்பட்டிருக்கிறது. கத்தி எடுக்கும் உரிமை அவளுக்கு உண்டு. ‘நான் இவரை விரும்புகிறேன்’ என்று தானே வந்து சொல்லும் உரிமைக்குத்தான் கதையில் இடமில்லை.

அவ்வைக்கு நரை வந்த கதை

ஆணும் பெண்ணும் நண்பராக இருத்தல் தமிழுக்குப் புதிதா? இல்லை. சங்க காலத்திலேயே ஒரு மாபெரும் சான்று உண்டு. அவ்வையாரும் அதியமான் நெடுமான் அஞ்சியும் கொண்ட நட்பு. நெடுநாள் வாழ வைக்கும் என்று கருதப்பட்ட நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் அவளுக்குத் தந்தான். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றாள் அவள். அவன் மாண்டபின் அவள் பாடிய கையறுநிலைப் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. கள் சிறிதளவே கிடைத்தால் அவளுக்கே தந்துவிடுவானாம். மிகுதியாகக் கிடைத்தால் அவள் பாடக் கேட்டுத் தானும் உண்டு மகிழ்வானாம். மணங்கமழும் தன் கையால் அவள் தலையைத் தடவிக் கொடுப்பானாம்.

இப்போது சொல்லுங்கள், தோழர்களே! தலையைத் தடவிய அந்தக் கை நட்பின் கையா, காதலின் கையா? குறிப்பறியும் பட்டியலை எடுத்தால் ‘ஐயமென்ன, காதலே’ என்று தீர்ப்பு எழுதிவிடலாம். ஆனால் பாடியவள் அப்படிச் சொல்லவில்லை. உடனிருந்து உண்டவள், உயிர் நீத்தவனுக்காக அழுதவள், எதை எப்படிச் சொல்வது என்று நம் எல்லாரினும் நன்கறிந்த பெரும்புலவர் அவள். அவள் சொல்லாததைச் சொல்ல நாம் யார்?

அந்த நட்பை அதன் இயல்பில் ஏற்க நம் நாட்டுக்கு மனம் வரவில்லை என்பதே துயரம். அவ்வையார் பாடிய ஒரு புறப்பாட்டில் பகை மன்னன் அவரை மை தீட்டிய கண்ணும் ஒளி பொருந்திய நெற்றியும் உடைய விறலியாகவே விளிக்கிறான். அங்கே நரையும் இல்லை, கூனும் இல்லை. அந்த அவ்வை எப்படிக் கிழவியானாள்? பிற்காலத்து அவ்வையார் பிறரையும் அவரோடு கலந்து, கட்டுக்கதை புனைந்தனர். இளமையிலேயே திருமணத்துக்கு அஞ்சிப் பிள்ளையாரை வேண்டி முதுமையை வரமாகப் பெற்றாள் என்றனர். 1953-இல் வாசன் தயாரித்த ‘அவ்வையார்’ படம் அக்கதையையே வெள்ளித்திரையில் ஏற்றிற்று. சுந்தராம்பாளின் கம்பீரக் குரலில் தமிழ்நாடு மயங்கிற்று. நரையின் பொருளை யாரும் கேட்கவில்லை.

நான் கேட்கிறேன். இளம்பெண் ஒருத்தி ஊர் ஊராக நடக்கலாம், மன்னரோடு சரிசமமாகப் பேசலாம், ஓர் ஆடவனுக்கு உற்ற நண்பராக இருக்கலாம் என்று எண்ணிப் பார்க்கவும் கூசியவர்களே அவள் தலையில் நரையை ஏற்றினார்கள். கிழவியானால் ஐயம் வராது பாருங்கள்! ஆண் பெண் நட்புக்கு அவர்கள் விதித்த கட்டணம் பெண்ணின் இளமை. கடவுள் பெயரால் அக்கட்டணம் வாங்கப்பட்டது. அந்தக் கட்டணத்தை இன்று செலுத்த வேண்டியதில்லை என்று நாம் மேடையில் சொல்கிறோம். ஆனால் ஆசிரியர் அறையில் இரு இளையோர் சேர்ந்து சிரித்தால் நம் கண்ணும் ஒரு கணம் சுருங்குகிறதே, ஏன்?

‘இல்லை’ என்பதைப் படித்த விதம்

குறிப்பறிதலில் ஓர் இடம் இன்றைய நிலையில் நஞ்சாகத் திரிந்திருக்கிறது. கடுஞ்சொல் கூறினாலும், பகைவர் போல நோக்கினாலும், அது உள்ளே அன்புடையாரின் குறிப்பு என்று இரு குறள்கள் பேசுகின்றன. வள்ளுவர் கவனமாகவே எழுதினார்; பகையில்லாத உள்ளம் என்ற நிபந்தனையை உடன் வைத்தார். நம் திரைப்படக்காரர்கள் நிபந்தனையைக் கிழித்தெறிந்துவிட்டுக் கடுஞ்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டனர். கதாநாயகன் பின்தொடர்கிறான், அவள் திட்டுகிறாள், அவன் மேலும் தொடர்கிறான், அவள் அடிக்கிறாள், இடைவேளைக்குப் பின் அவளே அவனைத் தேடி வருகிறாள். ‘இல்லை’ என்றால் ‘ஆம்’ என்பதே பொருள் என்று ஐம்பது அறுபது ஆண்டுகளாக இளைஞர்க்குப் பாடம் நடந்தது. அந்தப் பாடத்தைப் படித்தவன்தான் கல்லூரி வாயிலில் நிற்கிறான். அவன் கையில் சில வேளை திராவகப் புட்டியும் இருக்கிறது. கையை அறுத்துக்கொண்டு குருதியில் அவள் பெயரை எழுதுகிறவன் ஏறி வருவது பழைய மடற்குதிரையின் மேல்தான்.

சட்டம் விழித்துக்கொள்ளவே நெடுங்காலம் ஆயிற்று. 1998-இல் தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2013-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பின்னும் அவளைத் தொடர்வது குற்றம் என்ற பிரிவு புகுந்தது. ‘இல்லை’ என்ற சொல்லுக்கு ‘இல்லை’ என்பதே பொருள் என்று ஒரு நாடு தன் சட்டநூலில் எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் அச்சொல்லை எப்படிப் படித்துவந்தோம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஊர் படிக்கும் குறிப்பு

இருவருக்கிடையே உள்ள குறிப்பை அவ்விருவர் மட்டுமே படிப்பதில்லை. மூன்றாமவர் படிக்கிறார், தெரு படிக்கிறது, சாதி படிக்கிறது. குறளில் ஊரலர் காதலுக்கு எருவாகிறது. அலர் எழுந்தது நன்றே என்று தலைவன் மகிழ்கிறான். நம் காலத்து அலரோ அரிவாளாக வருகிறது.

2015 ஜூன் 23 அன்று பொறியியல் பட்டதாரி இளைஞர் கோகுல்ராஜ், திருச்செங்கோடு மலைக்கோயிலில் உடன் படித்த தோழி ஒருத்தியோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் தாழ்த்தப்பட்டவர், தோழி வேறு சாதி. அவரைக் கடத்திச் சென்றனர். மறுநாள் பள்ளிபாளையத்தருகே தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. அவர்கள் நண்பர்களா, காதலர்களா என்று கேட்க வேண்டிய தேவை கொன்றவர்களுக்கு இருக்கவில்லை. சேர்ந்து நின்றதே அவர்களுக்குப் போதுமான குறிப்பு. 2022 மார்ச்சில் மதுரைத் தனி நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. தலைமைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2023 ஜூனில் உயர்நீதிமன்றமும் உறுதி செய்தது. எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர் கவின் செல்வகணேஷ் 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கொல்லப்பட்டார். பள்ளிக் காலந்தொட்டு அறிந்த பெண்ணோடு பழகியதே காரணம் என்று அவ்வழக்கு பேசுகிறது.

என் தோழரின் தெரு வேறு, என் தெரு வேறு. கரிசல் நாட்டில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஆகவேதான் கூறுகிறேன்: நட்பா காதலா என்ற கேள்வியை வெறும் இளமை விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. அதை ஊகத்துக்கு விட்டால் இருவர் மனம் மட்டுமே புண்படும் என்பதில்லை. தெளிவற்ற இடத்தில்தான் ஊர் நுழைகிறது. தம் உறவு இன்னதென்று இருவரும் தமக்குள் சொல்லித் தெளிந்திருந்தால், ஊரை எதிர்ப்பதானாலும் ஒரே குரலில் எதிர்க்கலாம்.

ஐயந்தீர ஒரே வழி

பொருட்பாலின் குறிப்பறிதலில் ஒரு குறள், பிறர் உள்ளத்தை ஐயமின்றி உணர்பவனைத் தெய்வத்துக்கு ஒப்பாகக் கொள்ளச் சொல்கிறது. பகுத்தறிவாளர்க்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? ஐயமின்றி அறியத் தெய்வத்தால்தான் முடியும், தெய்வமோ இல்லை, ஆகவே நமக்குள்ள வழி கேட்டறிவது ஒன்றே!

காதல் என்பது சொல்லுக்கு எட்டாத, பார்த்த கணத்தில் பற்றிக்கொள்ளும், மாறவே மாறாத தெய்விகப் பொருள் என்ற மயக்கமே நம்மைக் கேட்கவிடாமல் தடுக்கிறது. அம்மயக்கத்தைப் பெரியார் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் காதல் பற்றிய கட்டுரையில் உடைத்தெறிந்தார். அன்பு, ஆசை, நட்பு இவற்றுக்கு அப்பால் காதல் என்று ஒரு தனிப்பொருள் வானிலிருந்து இறங்குவதில்லை என்பது அவர் வாதம். கண்டு, பழகி, குணமறிந்து, ஒத்துப்போவதால் விருப்பம் பிறக்கிறது, ஒவ்வாவிடில் மறைகிறது. இது உண்மையானால் நண்பரிடம் விருப்பம் தோன்றுவதில் வெட்கமும் இல்லை. தோன்றாதிருப்பதில் வஞ்சமும் இல்லை. அதே நூலில் வள்ளுவரையும் கற்பையும் பற்றி வேறொரு கட்டுரை எழுதிக் குறளின் குறைகளைக் கண்டித்தவரும் அவரே. 1949-இல் திருக்குறள் மாநாடு கூட்டியவரும் அவரே. குறையைச் சொல்வது நூலை எரிப்பதாகாது என்பதற்கு அதுவே போதிய சான்று.

இந்தக் கரிசல் நாடு வாய்ச்சொல்லுக்கு மதிப்பளித்த வரலாறும் உடையது. அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் 1928-இல் பெரியார் தலைமையில் நடந்ததே முதல் சுயமரியாதைத் திருமணம் என்பர். 1967-இல் அண்ணா ஆட்சி இத்தகைய திருமணங்களுக்குச் சட்ட ஏற்பளித்தது. அச்சட்டத்தின் சொற்களைக் கவனியுங்கள்: உறவினர், நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில், இவரை நான் ஏற்கிறேன் என்று ஒவ்வொருவரும் சொல்லுவது திருமணமாகும். மாலையோ மோதிரமோ தாலியோ போதும் என்றும் அது சொல்கிறது. ஆனால் முதலில் வைத்தது சொல்லை. தலைவன் முன் வாய் திறத்தல் தலைவிக்கு இல்லை என்ற பழைய விதிக்கு, நெடுங்காலங் கழித்துச் சட்டமன்றம் எழுதிய மறுப்புரை இது. புரியாத மந்திரத்துக்கும் இடமில்லை. ஊகிக்க வேண்டிய குறிப்புக்கும் இடமில்லை.

சுவை போய்விடும் என்று புலவர் சிலர் வருந்துவர். கண்ணின் பேச்சை ஒழித்துவிட்டு மனுக் கொடுப்பது போலக் காதலிப்பதா என்று எள்ளுவர். கண்ணின் பேச்சை ஒழிக்க நான் வரவில்லை. கண்ணோடு கண் ஒத்தபின் வாய்ச்சொல் பயனற்றது என்ற குறளை நான் மறுக்கவும் இல்லை. ஒத்தபின் என்ற சொல்லை மட்டும் அழுத்திப் படிக்கிறேன். ஒத்தது என்பதை இருவரும் அறிந்தபின் ஆயிரம் குறிப்பு மலரட்டும். அறியுமுன் குறிப்பை நம்புவது, வாய்க்கால் எது வரப்பு எது என்று தெரியாத இருட்டில் ஏர் பூட்டுவது போலாகும்.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. ஒருமுறை கேட்க வேண்டும், மறுமுறை கேட்கலாகாது. ‘இல்லை’ என்று சொல்லி எழுந்து போக வழியுள்ள இடத்தில் கேட்க வேண்டும். நமக்குக் கீழே பணிபுரிவோரிடம், நம்மிடம் படிப்போரிடம் கேட்கவே கூடாது. அங்கே கேள்வி கட்டளையாகிவிடும். கிடைத்த விடையை மூன்றாமவர் செவிக்குக் கொண்டுபோகலாகாது. சமமானவர்க்கிடையேதான் கேள்வி கேள்வியாக இருக்கும், விடை விடையாக இருக்கும். நண்பர் என்ற சொல்லுக்கு அதுவன்றோ பொருள்?

நான் கேட்டேன். பள்ளி விட்டபின், பேருந்துக்குக் காத்திருந்த வேளையில், நேராகவே கேட்டேன். தலைவிக்கு இல்லை என்ற உரிமையை எடுத்துக்கொண்டபோது நா சற்றுக் குழறியது. ஆனால் சொல் வெளிவந்தது. அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “உங்கள் மேல் எனக்கு மிகுந்த மதிப்புண்டு, அந்த எண்ணம் இல்லை. நேரே கேட்டதற்கு நன்றி” என்றார். பேருந்து வந்தது. ஏறினோம். சில நாள் மனம் நொந்தது; மறைப்பதற்கில்லை. பிறகு ஆறியது. இன்றும் விடைத்தாள்களைச் சேர்ந்தே திருத்துகிறோம். அவர் என் வகுப்பை எடுத்த மூன்று நாளும் நட்புக்காக எடுத்த நாட்கள் என்று இப்போது தெரியும். அதனால் அந்நாட்களின் மதிப்பு எனக்குக் குறையவில்லை, கூடியிருக்கிறது.

அடுத்த ஞாயிறு படிப்பகத்தில் அந்த மாணவரிடம், “சென்ற வாரம் நான் சொன்ன விடை தவறு. குறள் உங்கள் தோழியின் மனத்தைச் சொல்லாது. உங்கள் தோழிதான் சொல்வாள். கேளுங்கள். ‘இல்லை’ என்றால் அதை ஏற்கும் துணிவு வந்தபின் கேளுங்கள்” என்றேன். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி மட்டும் எழுந்து, “நாங்களும் கேட்கலாமா, டீச்சர்?” என்றாள்.

கேட்கலாம், தங்கையே. கேட்கத்தான் வேண்டும்.